காரையின் வயது

பத்து வருஷமாக என் மேஜைமேல் ஒரு கல் இருக்கிறது. ஆட்டுக் கிடாவின் கொம்பைப் போல உள்ளுக்குள் சுருண்டுகொண்டு போகிற கல். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருப்பதற்காக அதை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஒன்றுக்காக அரியலூர்ப் பக்கம் போய்வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. "இது ஒரு காலத்தில் கடல் பிராணி; கோடிக் கணக்கான வருஷத்துக்கு முந்தியது" என்று சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்லிவந்தேன். கதை எழுதுகிறவனாயிற்றே! கேட்கிறவர் முகத்தில் ஆச்சரியம் குறைவாக இருந்தால் ஒரு கோடியைக் கூட்டிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை.

போன வருஷம் ஒருவர் மறுத்தார். கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கல்லைக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "அம்மோனைட். இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்.

"அரியலூர்ப் பக்கம்."

"அரியலூர்ப் பக்கம் என்றால் சுமார் நாலு கோடி வருஷம் வித்தியாசம் இருக்கிறது, சார். எந்த ஊர்? எந்த ஓடை? கரையில் பதிந்திருந்ததா, கீழே உதிர்ந்து கிடந்ததா?"

நான் விழித்தேன். "கல்லைப் பார்த்தே சொல்ல முடியாதா?" என்றேன்.

"மேலே இருக்கும் கோடுகள் தேயாமல் இருந்தால் இனத்தைக் கண்டுபிடித்து ஒரு மாதிரி சொல்லலாம். இது முழுக்கத் தேய்ந்துவிட்டது. இடமும் தெரியாது என்கிறீர்கள். இடம் தெரியாத கல்லுக்கு வயது கிடையாது" என்று சொல்லி, கல்லைத் திரும்பக் காகிதத்தின்மேலேயே வைத்துவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால்தான் நான் இந்த ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அவரையே வழித்துணையாகப் பிடித்துக்கொண்டு, பெரம்பலூர் ஜில்லாவில் இருக்கும் காரை என்ற சிற்றூருக்குப் போய்வந்தேன்.

திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில் பாடாலூரைத் தாண்டியிருப்பவர்கள் பலர். அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சில மைல் போனால் வேறொரு உலகம் வந்துவிடுகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த வயல்கள் திடீரென்று முடிகின்றன. அதற்கு அப்பால் பூமி, யாரோ கோபத்தில் கத்தியால் கீறிப் போட்டதைப் போலக் கிடக்கிறது. மண்மேடுகள், மேடுகளுக்கு நடுவே மழைநீர் அறுத்த பள்ளங்கள், பள்ளங்களின் சரிவில் மறுபடியும் சிறு பள்ளங்கள். செம்மையும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். ஒதுங்குவதற்கு மரம் இல்லை. வெயில் படும்போது தரையில் அங்கங்கே கண்ணாடிச் சில்லு கிடப்பது மாதிரி ஏதோ பளபளக்கிறது. அது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் ஊறிய நீர் பின்னாளில் விட்டுச் சென்ற உப்பு. குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், துப்பாக்கித் தோட்டாவைப் போல வழவழப்பாகக் கல் துண்டுகள் கிடைக்கின்றன. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான பெலம்னைட் என்ற பிராணியின் உடம்புக்குள் இருந்த தண்டு அது என்று பேராசிரியர் சொன்னார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு இப்படி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. மடியிலிருந்து ஒரு தோட்டாக் கல்லை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு என்ன வயசு இருக்கும், ஐயா?" என்று கேட்டார்.

பேராசிரியர், "பத்துக் கோடி வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியவரே" என்றார்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு எண்ணினது?" என்று கேட்டார்.

பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மேஜைக் கல்லைப் பார்த்த இத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன். யார் எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல முயலும் பதில்.

முதலில் எண்ணப்படும் பொருள் என்ன என்று தெரிய வேண்டும். அலையடிக்காத ஆழத்தில் கடல்நீர் தெளிந்து நிற்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலில் மணல் கரைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய களித்துகள்தான் வெகுதூரம் மிதந்து போய், மெல்ல மெல்ல அடியில் படியும். ஒரு மில்லிமீட்டரை 256 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடச் சிறிய துகளைத்தான் களி என்கிறது சாஸ்திரம். இந்தக் களி அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலே விழும் பாரத்தால் நீர் பிழியப்பட்டு, இறுகிப் பாறையாகிறது. தட்டினால் பனையோலைச் சுவடி மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். இதற்கு ஷேல் என்று பெயர்.

காரையில் இருப்பது ஷேல்தானா என்பதிலேயே ஒரு வழக்கு உண்டு. சிலர் 'காரை ஷேல்' என்று எழுதினார்கள். 'இது சரியாக ஏடு பிரியவில்லை, களி என்றே சொல்ல வேண்டும்' என்று சிலர் 'காரைக் களி' என்றார்கள். இரண்டு பேருக்கும் மத்தியஸ்தமாக 'காரைப் படிவம்' என்று பலர் இப்போது எழுதுகிறார்கள். பார்ப்பதற்கு வெறும் பெயர்ச் சண்டை. ஆனால் பெயர் வைப்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

பூகர்ப்ப சாஸ்திரத்தில் 'படிவம்' என்று ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமானால், அதைப் படத்தில் வரைந்து காட்ட முடிய வேண்டும். அதன் அடி எங்கே தொடங்குகிறது, தலை எங்கே முடிகிறது என்று நேரில் போய்த் தொட்டுக் காட்டும்படி ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தின் ஊர்ப் பெயரே படிவத்தின் பெயர். முக்கியமானது இன்னொன்று: இந்த வரையறை கல்லின் குணத்தைப் பார்த்துச் செய்வது, வயதைப் பார்த்து அல்ல. சுண்ணாம்புக் கல் முடிந்து களி தொடங்கும் இடம் அடி. களி முடிந்து சிப்பி நிறைந்த மணற்கல் தொடங்கும் இடம் தலை. அவ்வளவுதான். வயது பின்னால் வரும் விசாரணை.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? பூம்புகார்க் கடற்கரையில் நின்று பாருங்கள். இன்று காலையில் உங்கள் காலடியில் மணல் படிகிறது. இதே காலையில் சில மைல் தள்ளி, கடலுக்குள் களி படிகிறது. மணலும் களியும் வேறு வேறு கல்லாகும்; ஆனால் வயது ஒன்று. நாளைக்குக் கடல் ஊருக்குள் ஏறினால், மணல் இருந்த இடத்தின்மேல் களி படியும். அப்போது ஒரே களிப் படிவம் கிழக்கே மூத்ததாகவும் மேற்கே இளையதாகவும் இருக்கும். ஆகவே ஒரு படிவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே அதன் வயதைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது. ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொள்வதும் ஜாதகத்தைத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு அல்லவா?

ஊர்ப் பெயர் என்றதும் பக்கத்து ஊர் ஒன்றின் ஞாபகம் வருகிறது. காரைக் களிக்குக் கீழே, அதற்கு மூத்ததாக, சுண்ணாம்புக் கல்லும் சாம்பல் நிற ஷேலும் சேர்ந்த ஒரு படிவம் உண்டு. அதைச் சாஸ்திரிகள் 'டால்மியாபுரம் படிவம்' என்கிறார்கள். 1953-ல் கல்லக்குடி ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகைக்காக நடந்த கிளர்ச்சியை அறியாத தமிழர் இல்லை. இன்று அந்த நிலையத்தில் கல்லக்குடி பழங்காநத்தம் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் பாறையின் பெயர் மாறவில்லை. புத்தகத்தில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றினால் பழைய புத்தகம் படிக்கிறவன் தடுமாறிப் போவான் என்பது அவர்களுடைய நியாயம். ரயில் பயணி ஒரு பெயரை மறந்து இன்னொன்றைக் கற்றுக்கொள்ளலாம். பாறைக்கு அந்தச் சௌகரியம் இல்லை போலும்.

இனி எண்ணியவர்களின் கதைக்கு வருவோம்.

1840-ஐ ஒட்டிய வருஷங்களில் கே, கன்லிப் என்ற இரண்டு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று பக்கங்களிலும் இந்தக் கற்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பெட்டிகள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. அங்கே எட்வர்ட் போர்ப்ஸ் என்ற பெரிய நிபுணர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, 1846-ல் அறிக்கை வெளியிட்டார். எல்லாம் கிரிடேஷியஸ் காலத்தவை என்று அவர் கண்டது சரி. கிரீட்டா என்றால் லத்தீனில் சீமைச் சுண்ணாம்பு. ஐரோப்பாவில் அந்த வெள்ளைக் கல் மலைமலையாகப் படிந்த காலம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் உள்வரிசையில் போர்ப்ஸ் தவறிவிட்டார். மூன்றில் புதுச்சேரிக் கற்களே மூத்தவை, திருச்சியும் விருத்தாசலமும் அவற்றுக்குப் பிந்தியவை என்று முடிவு செய்தார். உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். புதுச்சேரிக் கற்கள் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை என்பது பின்னால் ருசுவாயிற்று.

போர்ப்ஸ் சாமானியர் அல்ல. கடல் பிராணிகளைப் பற்றி அவர் காலத்தில் அவருக்கு மிஞ்சியவர் சிலரே. ஆனால் அவர் இந்த மண்ணில் கால் வைத்தவர் அல்ல. எது எதன்மேல் கிடந்தது என்பதை அவர் கண்ணால் பார்க்க வழியில்லை. அவரிடம் இருந்தவை கற்கள். அந்தக் கற்கள் படுத்திருந்த படுக்கை அவரிடம் இல்லை. என் மேஜைக் கல்லின் கதைதான் இது. அத்தனை பெரிய அறிவாளிக்கே அந்தக் கதி என்றால் என் கதி எம்மாத்திரம்!

படுக்கையைப் பார்க்க வந்தவர் ஹென்றி பிளான்போர்டு. 1851-ல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கிய இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில், 1855-ல் தம் சகோதரர் வில்லியமுடன் வந்து சேர்ந்தவர். அப்போது வயது இருபத்தொன்று. அந்தப் பத்தாண்டின் கடைசியில் தென்னாற்காடு, திருச்சி ஜில்லாக்களில் ஓடை ஓடையாக நடந்தார். இந்தப் பிரதேசத்தின் அமைப்பில் நடக்கிறவனுக்கு அனுகூலமான ஒரு விசேஷம் உண்டு. படுகைகள் எல்லாம் கிழக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய புத்தகங்கள் சரிந்து கிடப்பது போல. மேற்கே பழைய கருங்கல் கரையை ஒட்டி மூத்த படுகை தலைகாட்டுகிறது. கிழக்கே போகப்போக இளைய படுகை. ஆகையால் ஊட்டத்தூரிலிருந்து அரியலூருக்கு நடக்கிறவன் இடத்தில் மட்டும் நடக்கவில்லை, காலத்திலும் நடக்கிறான்.

இந்த உபாயத்தின் மூலபுருஷர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட அளவெடுத்துக்கொண்டிருந்த வில்லியம் ஸ்மித். எந்தப் படுகையில் எந்தச் சிப்பி என்பது மாறாத வரிசையில் வருகிறது என்று கண்டு, 1815-ல் இங்கிலாந்தின் படத்தையே வரைந்தவர். பிளான்போர்டு அதே கண்ணோடு நம் ஊர் ஓடைகளைப் பார்த்தார். 1862-ல் வந்த அவருடைய நூலில் இந்தக் கற்கள் மூன்று குலங்களாகப் பிரிந்தன: அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சினாப்பள்ளி, மேலே அரியலூர். நூற்றறுபது வருஷம் கழித்தும் இந்தப் பிரிவினையின் எலும்புக்கூடு கலையவில்லை. நம் காரைக் களி ஊட்டத்தூர்க் குலத்தின் ஒரு கிளை. பிளான்போர்டு பிறகு மண்ணை விட்டு ஆகாயத்துக்குப் போய்விட்டார். 1875-ல் தொடங்கிய இந்திய வானிலை இலாகாவுக்கு முதல் தலைவர் அவர்தான்.

பிளான்போர்டு வகுத்த வீட்டுக்குக் குடியிருப்பவர்களின் கணக்கை எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. மொரேவியாவில் 1838-ல் பிறந்து, வியன்னாவில் வேலை பார்த்து, 1862-ல் கல்கத்தாவுக்கு வந்தவர். 1863 முதல் 1873 வரை, தென்னிந்தியக் கிரிடேஷியஸ் பிராணிகளைப் பற்றி நான்கு பெரிய பாகங்கள் எழுதினார். அம்மோனைட், நத்தை, இரட்டைச் சிப்பி, பவளம் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வரியாக விவரித்து, படம் போட்டு, ஐரோப்பாவில் கிடைத்ததோடு ஒப்பிட்டார். அது முடிந்த மறு வருஷமே, யார்க்கண்டுக்குப் போன சர்க்கார் தூதுக் குழுவோடு போய்த் திரும்புகையில், லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் மலைநோய் கண்டு 1874 ஜூன் 19-ஆம் தேதி இறந்தார். வயது முப்பத்தாறுதான். லே நகரத்தில் அவர் சமாதி இருக்கிறது. பெரம்பலூர் ஓடைகளில் கிடைத்த சிப்பிகளுக்குப் பெயர் வைத்தவர், கடலிலிருந்து அவ்வளவு உயரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்குப் பிறகு 1890களில் பிரான்ஸ் காஸ்மத் என்ற ஆஸ்திரியர், அம்மோனைட்டுகளை மறுபடி பரிசீலித்துப் புதுச்சேரிக் கணக்கைத் திருத்தினார். நம்மவர்களில் பெங்களூர் எல். ராமராவ் போன்றவர்கள் மேல்படுகைகளைத் துருவினார்கள். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்லாய்ச் சமைந்த மரத்தைக் கண்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் பல பேர். பெயர்களை அடுக்கினால் வாசகர் பொறுக்க மாட்டார்.

இத்தனை பேரும் செய்தது வரிசை. எது முந்தி, எது பிந்தி. 'எத்தனை வருஷம்' என்ற கேள்விக்குப் பிளான்போர்டிடம் பதில் கிடையாது. அவர் நூல் வந்த அதே 1862-ல், பின்னால் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் பூமி ஆறிவந்த கணக்கைப் போட்டு, பூமிக்கே வயது 2 கோடியிலிருந்து 40 கோடிக்குள் என்றார். இன்று 454 கோடி என்கிறோம். அந்தச் சமயத்தில் காரைக்கு யாராவது ஒரு எண் சொல்லியிருந்தால் அது நான் மேஜைக் கல்லுக்குச் சொன்ன எண்ணைவிட மேலாக இருந்திருக்காது. ஸ்டோலிஸ்கா சொல்லவில்லை. தெரிந்த அளவோடு நின்றுகொண்டார். அதுதான் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

எண்ணுகிற கடிகாரம் பிறகு கிடைத்தது. 1896-ல் பெக்கரல் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டார். யுரேனியம் ஒரே நிதானத்தில் சிதைந்து ஈயமாகிறது. ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தாதுவுக்கு வயது சொல்லலாம். 1911-ல் ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் இந்த வழியில் பாறைகளுக்குக் கோடிக் கணக்கில் வயது சொன்னார். சரி, காரைக் களியில் ஒரு பிடியை எடுத்து அந்தக் கடிகாரத்தில் வைத்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் ஷேல் நம்மை ஏமாற்றும். களியிலுள்ள துகள் களியோடு பிறந்ததல்ல. மேற்கே இருந்த பழம்பாறை தேய்ந்து, மழையில் கரைந்து வந்தது. அதைச் சோதித்தால் கிடைப்பது அந்தப் பழம்பாறையின் வயது. கடலின் வயது அல்ல. பழைய வீட்டுச் செங்கல்லை எடுத்துப் புது வீடு கட்டினால், செங்கல்லைச் சோதித்துக் கிருகப்பிரவேச தேதியைச் சொல்ல முடியுமா?

அதற்குச் சாட்சி வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நம் இலக்கிய சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் எப்போது ஆண்டான்? சிலப்பதிகாரத்தில் வருஷம் இல்லை. ஆனால் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு வந்திருந்தான் என்று இருக்கிறது. இலங்கையின் மகாவம்சமோ அரசர்கள் ஆண்ட வருஷத்தைக் கணக்காகச் சொல்கிறது. அந்தக் கயவாகுவும் இந்தக் கயவாகுவும் ஒருவனே என்றால் செங்குட்டுவனுக்கு இரண்டாம் நூற்றாண்டு கிடைத்துவிடுகிறது. வி. கனகசபைப் பிள்ளை 1904-ல் வந்த தம் ஆங்கில நூலில் இந்த வழியில்தான் சங்ககாலத்தைக் கணித்தார். ஒரே ஒரு பெயரை நம்பி இவ்வளவு பெரிய கட்டடமா என்று மறுத்தவர்களும் உண்டு; மறுக்க வேண்டியதுதான்.

காரைக்கு அம்மோனைட்டே கயவாகு. அந்தப் பிராணி கடலில் மிதந்தும் நீந்தியும் திரிந்தது. ஆகையால் ஒரே இனம் தூரதேசங்களிலும் கிடைக்கிறது. சீக்கிரமாக உருமாறியது, ஆகையால் ஒவ்வோர் இனமும் கொஞ்ச காலத்துக்கே செல்லுபடி. இதே காலத்து இனங்கள் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருந்த பழங்கடலிலும் கிடக்கின்றன. அங்கே ஒரு பாக்கியம்: பக்கத்து எரிமலைகள் அவ்வப்போது சாம்பலைக் கொட்டியிருக்கின்றன. சாம்பல் படிந்த தினமே அதிலுள்ள படிகத்தின் ஜன்ம தினம். அதைக் கடிகாரத்தில் வைக்கலாம். கொலராடோவில் பியூப்ளோ என்ற ஊருக்கருகே, 86-ஆம் எண்ணுள்ள சுண்ணாம்புப் படுகையின் அடியை, டுரோனியன் என்ற காலத்தின் தொடக்கம் என்று 2003-ல் உலகச் சங்கம் தீர்மானித்தது. அதன் வயது 9 கோடியே 39 லட்சம் வருஷம். அதற்கு முந்திய செனோமேனியன் காலத்தின் தொடக்கத்தைப் பிரான்ஸில் ரிஸூ மலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்சிப்பி முதன்முதல் தோன்றும் இடத்தில் 2002-ல் குறித்தார்கள்: 10 கோடியே 5 லட்சம்.

இந்தப் பெயர்களே ஒரு வேடிக்கை. 1840களில் பிரெஞ்சு நிபுணர் தோர்பினி, தம் நாட்டு ஊர்களையும் ஆறுகளையும் வைத்துக் காலங்களுக்குப் பெயரிட்டார். லெ மான் நகரத்தின் லத்தீன் பெயரிலிருந்து செனோமேனியன். தூர் நகரத்திலிருந்து டுரோனியன். ஓப் ஆற்றிலிருந்து ஆல்பியன். காரைக் களியின் அடிப்பகுதி ஆல்பியன் காலத்தின் பிற்பகுதி, நடுப்பகுதி செனோமேனியன், தலைப்பகுதி டுரோனியன். கல்லுக்குப் பெயர் பெரம்பலூர் ஜில்லா, வயதுக்குப் பெயர் பிரான்ஸ், எண் வந்தது கொலராடோ. இந்தக் களி படிந்து முடியச் சுமார் ஒரு கோடி வருஷம் ஆயிருக்கிறது. அப்போது நம் பூமி இப்போது இருக்கும் இடத்திலேயே இல்லை. தென்கோளத்தில் வெகு தெற்கே, மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கயவாகுவை மட்டும் நம்பக் கூடாது என்ற எச்சரிக்கையும் இங்கே உண்டு. அம்மோனைட் ஒரு சாட்சி. கண்ணுக்குத் தெரியாத நுண்சிப்பிகள் இரண்டாவது சாட்சி. கடல்நீரிலிருந்த கரியின் இரண்டு வகைகள் எந்த விகிதத்தில் கல்லில் தங்கியிருக்கின்றன என்பது மூன்றாவது. செனோமேனியன் முடிகிற சமயத்தில் உலகக் கடல்களில் பல இடங்களில் பிராணவாயு குறைந்து, அந்த விகிதம் திடீரென்று ஏறியது. அந்த ஏற்றம் ஒரு முத்திரை மாதிரி. இந்தச் சாட்சிகள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சேர்ந்து பொய் சொல்ல முடியாது. ஒத்துப்போனால் நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஓடைக்குப் போக வேண்டியதுதான்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன பலன் என்று கேட்கலாம். 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், காவேரிப் படுகையில் செனோமேனியன் கடல் ஏறி இறங்கிய வரிசையையும் வடமேற்கு ஐரோப்பாவில் ஏறி இறங்கிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. ஏதோ ஓர் ஊரில் தரை தாழ்ந்ததால் கடல் ஏறவில்லை. உலகம் பூராவும் சேர்ந்து ஏறியிருக்கிறது. பூமியின் பாதை சூரியனைச் சுற்றி நாலு லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மாறுவதோடு அதற்குச் சம்பந்தம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். கடல் மட்டம் ஏறுவதைப் பற்றி உலகமே கவலைப்படும் இந்நாளில், முன்பு எப்படி ஏறிற்று என்று சாட்சி சொல்லக்கூடிய இடங்களில் ஒன்று, ஆடு மேயும் இந்தப் பொட்டல்.

அந்தச் சாட்சி கலைந்துகொண்டிருக்கிறது. மழை அறுப்பது ஒரு பக்கம். அது இயற்கை, பழையதைக் கொண்டுபோகும்போதே புதியதைத் திறந்தும் காட்டும். மனிதர் அள்ளுவது அப்படியல்ல. பஸ்ஸில் கூட்டமாக வந்து பை நிறையப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பெரியவர் சொன்னார். அவர்கள் எடுப்பது கல்லை, தொலைப்பது இடத்தை. கோயில் சுவரிலிருந்து ஒரு கல்வெட்டைப் பெயர்த்துக்கொண்டு போனால் எழுத்தாவது மிஞ்சும். ஓடைக் கரையிலிருந்து ஒரு சிப்பியைப் பெயர்த்து, எத்தனை அடி உயரத்தில் இருந்தது என்று குறிக்காமல் விட்டால், மிஞ்சுவது மேஜை அலங்காரம்.

பழமை பேசுவதில் நமக்கு ஆசை அதிகம். எனக்கும் உண்டு. நம்முடையது எதுவானாலும் இன்னும் ஓர் ஆயிரம் வருஷம் முந்தியது என்று யாராவது சொன்னால் உள்ளூரக் குளிர்கிறது. ஆனால் காரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பெரிய எண்ணைக் கேட்டால் அந்தப் பெரியவரின் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது: யார் எண்ணினது? எந்தப் படுகையில் எடுத்தது? ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் எத்தனை? பதில் இருந்தால் பத்துக் கோடியையும் தயங்காமல் நம்பலாம். இல்லாவிட்டால் பத்து வருஷத்தைக்கூட நம்ப வேண்டியதில்லை.

அன்று திரும்பும்போது பெரியவர் தோட்டாக் கல்லை என் கையில் திணித்தார். பேராசிரியர் அவரிடம் எந்த மேட்டில் எடுத்தது என்று கேட்டார். கீழே கிடந்தது, எந்த மேட்டிலிருந்து உருண்டதோ தெரியாது என்றார் பெரியவர். "அப்படியானால் இங்கேயே இருக்கட்டும்" என்று நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வீட்டுக்கு வந்ததும் மேஜைக் கல்லின் அடியில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டினேன். 'அம்மோனைட். இடம் தெரியாது. வயது தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். முன்போல யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் ஏன் தெரியாது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு நான் காரையின் கதையைச் சொல்லுகிறேன்.